செடிக்கு ஒரு மூடி

ஆரம்பாக்கத்தில் ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிற காலனியில், எபினேசர் வீட்டுக்குப் பின்னால் பதினோரு கத்திரிச் செடிகள் நின்றன. எபினேசருக்கு நாற்பத்தொரு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. உலைக்குப் பக்கத்தில் நின்று நின்று முகம் காந்திப் போன மனுஷன். அப்போதைக்கு அவனை உயிரோடு பிடித்து வைத்திருந்தது அந்தப் பதினோரு செடிதான். அதுவும் பட்டுப்போனால் அவ்வளவுதான், தன் கதையும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

செடிகளை நட்டவள் அவன் மகள் பெர்சிஸ். பன்னிரண்டு வயது, ஒரே பெண். இரண்டாயிரத்து எட்டு செப்டம்பர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி பஜாரில் துளசிராமன் உரக்கடைக்கு அப்பனை இழுத்துக்கொண்டு போய் ஒரு டஜன் நாற்றும் ஒன்றரைக் கிலோ யூரியாவும் வாங்கினாள். வருகிற வழியில் ஷேர் ஆட்டோவில் எவனோ பையை மிதித்ததில் ஒரு நாற்று ஒடிந்துபோனது. அதற்கு அன்றைக்கு முழுக்க அழுதாள் அந்தப் பெண்.

கடைக்காரரிடம் அவள் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. யூரியா எவ்வளவு, எப்போது, எங்கே வைப்பது. துளசிராமன் பொறுமைசாலி. "செடிக்கு ஒரு ஸ்பூனு போதும் பாப்பா. தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி சுத்திலும் தூவு, தூவிட்டு தண்ணி உடு. பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி. நெறைய வச்சா நல்லா வரும்னு அள்ளி வச்சிடாத, எரிஞ்சிடும்" என்றார்.

ஸ்பூனுக்குத்தான் வீட்டில் தகராறு. "சோறு துன்ற ஸ்பூன யூரியால வைப்பியா நீ? தொட்டுப் பாரு, கைய ஒடிக்கிறேன்" என்று அவள் அம்மா கிறிஸ்டினா சத்தம் போட்டாள். பெர்சிஸ் அசரவில்லை. எப்போதோ வாங்கின இருமல் டானிக்கோடு வந்த சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் தேடியெடுத்தாள். அதில் அஞ்சு மில்லி என்று கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு வரைக்கும் யூரியாவைப் போட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒரு குருணை கூடினால்கூட எடுத்து டப்பாவிலேயே போடுவாள்.

"நாங்கல்லாம் படிபடியா கையால வீசினவங்க. மூடியாம் மூடி" என்று எபினேசர் கிண்டல் பண்ணினான். கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் பத்து வருஷம் அவன் ஊரார் வயலில் கூலிக்கு உரம் வீசினவன்.

"அது உன் நெல்லு நைனா. இது என் செடி" என்றாள் பெர்சிஸ்.

உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறைச் சுவரில் தொங்கியது. அக்டோபர் தாளில் பதினொன்றாம் தேதிக்குக் கீழே பென்சிலால் 'உரம்' என்று எழுதி, பக்கத்தில் குட்டியாக ஒரு இலையும் போட்டாள். அடுத்த முறைக்கு அப்போதே இருபத்தாறைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தாள். அந்த வட்டம் வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதை எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிறிஸ்டினாவுக்கும் சிப்காட்டில்தான் வேலை, பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங். காலை ஷிப்டு. விடிகாலை ஐந்தே காலுக்கு வேன் வந்துவிடும், திரும்பி வர மூன்று மணி. எபினேசருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. பகல் ஒரு மணிக்குக் கிளம்பினால் வந்து படுக்கப் பதினொன்று தாண்டிவிடும். அவன் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் போகும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். சிப்காட்டை நம்பிப் பிழைக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்த லட்சணம்தான். ஒரே கூரைக்குக் கீழே புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்து நாலு நாள் ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெர்சிஸுக்குக் காய்ச்சல். கிறிஸ்டினா மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். காலையில் அப்பன் வீட்டில்தானே இருப்பான், டாக்டரிடம் காட்டிவிடுவான் என்று வேலைக்குப் போனாள். எழுந்து பார்த்த எபினேசர், அலமாரியில் மாத்திரை அட்டையைக் கண்டான். சரி, நேற்றே டாக்டரிடம் காட்டிவிட்டாள்போல என்று மகளுக்குக் கஞ்சி கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பினான். புதன் சாயங்காலம் கிறிஸ்டினா மகளிடம், "நைனாகூட ஆஸ்பத்திரி போனியா?" என்று கேட்டாள். பெர்சிஸ், "ம்" என்றாள். ஊசிக்குப் பயந்து சொன்னாளோ, காய்ச்சல் மயக்கத்தில் சொன்னாளோ, யாருக்குத் தெரியும். வியாழனும் இப்படியே போனது. ஒரு போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றால், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் காட்டியிருப்பாள் என்று அவனும், அவன் காட்டியிருப்பான் என்று அவளும் இருந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஈறில் ரத்தம் வந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டரம்மா, "நாலு நாளா காய்ச்சல். எங்க காட்டினீங்க?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ காட்டலயா?" என்றாள் கிறிஸ்டினா.

"நீ காட்டினன்னுதான நெனச்சிக்கினு கீறேன்" என்றான் எபினேசர்.

திங்கட்கிழமை பிள்ளை போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசின பேச்சுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சில்லை.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். நீதான் கொன்றாய் என்று ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் ஏதோ ஒரு வழி பிறந்திருக்கும். அது நடக்கவில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி கிறிஸ்டினா புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவனை 'பெர்சி நைனா' என்றுதான் கூப்பிட்டாள். அவனுக்கு அவள் 'பெர்சிம்மா'. பன்னிரண்டு வருஷமாக இதுதான். இப்போது எதைச் சொல்லிக் கூப்பிடுவது? வாயைத் திறந்தாலே அந்தப் பேர்தான் முதலில் வரும். அதற்குப் பயந்தே இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த மறுநாளே எபினேசர் வேலைக்குப் போய்விட்டான். சூப்பர்வைசர் தணிகாசலத்திடம், எனக்கு இனிமேல் எப்போதும் இரண்டாம் ஷிப்டே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கிறிஸ்டினா காலை ஷிப்டிலேயே இருந்தாள். சோறு ஆக்கி மூடி வைத்திருப்பாள், அவன் போட்டுத் தின்பான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான், அதில் அவள் போட்டுத் தின்பாள்.

செடிகள் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தன. காலையில் தண்ணீர் ஊற்றும்போது எபினேசர் அவற்றோடு பேசுவான். "இன்னாடி, நல்லாகீறியா? பூச்சி கீச்சி கடிச்சுதா?" என்பான். மகளைக் கேட்கிற மாதிரியே கேட்பான். பிறகு கொஞ்ச நேரம் அழுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார்கள்.

காலண்டரில் வட்டம் போட்ட இருபத்தாறாம் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவனுக்கு ஓவர்டைம், உரம் வைக்க முடியவில்லை. மறுநாள் காலையில் யூரியா டப்பாவைத் திறந்தான். உள்ளே அந்த மூடி கிடந்தது. கோடு வரைக்கும் போட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கூடின குருணையை எடுத்து டப்பாவில் போட்டு, செடிக்கு ஒரு மூடி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தான். பத்து வருஷம் கைகொள்ளாமல் வாரி வீசினவன், பதினோரு மூடி யூரியா வைக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அவள் சொன்ன வேலையைச் செய்து முடித்தோம் என்று நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

வைத்ததைக் காலண்டரில் எழுதப் பென்சிலை எடுத்தான். அவள் எழுத்துக்குப் பக்கத்தில் தன் எழுத்தா? கை வரவில்லை. பென்சிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். அந்த அக்டோபர் தாளை அப்புறம் யாரும் கிழிக்கவில்லை. நவம்பர் போய், டிசம்பர் போய், புது வருஷமும் பிறந்தது. அந்தச் சுவரில் அக்டோபர்தான்.

அடுத்தடுத்த பதினைந்து நாளை அவன் மனதிலேயே கணக்கு வைத்துக்கொண்டான். ஒரு திங்கட்கிழமை விட்டு ஒரு திங்கட்கிழமை. மழைக்காலம் முழுக்கச் செடிகள் மதமதவென்று வளர்ந்து இடுப்பளவுக்கு நின்றன. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையில் உள்ளங்கை அகலம். டப்பாவில் யூரியா சீக்கிரம் குறைகிற மாதிரி இருந்தது. மழை ஈரத்தில் கரைந்திருக்கும் என்று நினைத்தான்.

பொங்கலுக்கு முன்னால் மழை சுத்தமாக நின்றது. செடியில் பூ வந்தது. ஊதாப் பூக்கள். எபினேசருக்கு நிலைகொள்ளவில்லை. முதல் காயைப் பறித்துக் கல்லறைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். ஆனால் பூ நின்றால்தானே காய்? நாலு நாளில் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து தரையில் கிடந்தது. பசிதான், வேறென்ன என்று நினைத்தான். வயல்காட்டுப் புத்தி. நெல் வெளுத்தால் இன்னும் ரெண்டு கை வீசு என்று கேட்டே வளர்ந்தவன். ஒரு மூடி வைத்த இடத்தில் இரண்டு மூடி வைத்தான். பதினைந்து நாளை எட்டு நாளாக்கினான். "சாப்புடும்மா, சாப்புடு" என்று சொல்லிச் சொல்லி வைத்தான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இலை ஓரமெல்லாம் தீப்பட்ட மாதிரி பழுப்பாகிக் காய்ந்து சுருண்டது. இரண்டு செடி தண்ணீர் ஊற்றியும் தலை தூக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போனால், கம்பெனியில் கரண்ட் இல்லை. அந்த வருஷம் மின்வெட்டு பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். எபினேசர் பாக்கெட்டில் இரண்டு காய்ந்த இலை வைத்திருந்தான். நேரே பஜாருக்கு நடந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துளசிராமன் மத்தியானத்தோடு கடையை மூடுகிற நேரம்.

இலையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ வைக்கிற?"

"நீ சொன்ன அளவுதான் அண்ணே. செடிக்கு ஒரு மூடி, பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி. இப்போ பூ கொட்டுதுன்னு மூணு வாரமாத்தான் ரெண்டு மூடி, வாராவாரம்."

"பூ கொட்டினதே உரம் மிஞ்சித்தான்பா. நீ அப்பவே நிறுத்தியிருக்கணும்." அவர் இலையை மோந்துகூடப் பார்த்தார். "இருந்தாலும் பதினஞ்சு நாளைக்கு ஒரு மூடின்னா பூ கொட்டாதே. கணக்கு ஒதைக்குது. வேற யாருனா வைக்கிறாங்களா?"

"எங்க ஊட்ல வேற யாரு கீறாங்க?" என்றான் எபினேசர்.

துளசிராமன் அவன் முகத்தைப் பார்த்தார். "உரத்த நிறுத்து. தண்ணிய வாரி ஊத்து, குடம் குடமா ஊத்து, யூரியா கரைஞ்சி கீழ எறங்கட்டும். பொழைக்கிறது பொழைக்கும்" என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டார்.

ரயிலில் வரும்போதெல்லாம் தான் சொன்ன பதிலே அவன் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆரம்பாக்கத்தில் இறங்கி, காலனி நாய்கள் குரைக்க, வெயிலில் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனான்.

கிறிஸ்டினா செடிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சர்ச்சுக்குக் கட்டிப்போன வெள்ளைப் புடவையைக்கூட மாற்றவில்லை. மடியில் யூரியா டப்பா. அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கூடின குருணையை நகத்தால் எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "துன்னும்மா. கொஞ்சம் துன்னு. இன்னாத்துக்கு இப்பிடி எளைச்சிப் பூட்ட?"

எபினேசர் அப்படியே நின்றான். மூன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறான்.

"இன்னா பண்ற?" என்றான்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "உரம் வைக்கிறேன்."

"எத்தினி நாளா?"

"அவ வட்டம் போட்டு வச்சாளே, அன்னைலேர்ந்து. ஒரு ஞாயித்துக்கெயம உட்டு ஒரு ஞாயித்துக்கெயம. பூ கொட்டுச்சேன்னு இப்போ ரெண்டு மூடி வைக்கிறேன். வாராவாரம்."

"நானும் வைக்கிறேன்" என்றான் எபினேசர். "திங்கக்கெயம திங்கக்கெயம."

"நீ வைக்கிறியா?"

"நீ வைக்கிறன்னு எனக்குத் தெரியாதே."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இது ஏற்கெனவே பேசின பேச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டரம்மா முன்னால், இதே மாதிரி நின்று, இதே மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசியது. கிறிஸ்டினாவின் கையிலிருந்த மூடி சாய்ந்து யூரியா புடவையில் கொட்டியது.

"காலண்டர்ல எழுதியிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

"அவ எழுதின பக்கத்துல நான் எப்பிடி எழுதுவேன்?"

"என்னாலயும் முடியல." அவள் பட்டுப்போன செடியைப் பார்த்தாள். "அன்னைக்கி நீ பாத்துப்பன்னு நான் உட்டேன், நான் பாத்துப்பேன்னு நீ உட்ட. ரெண்டு பேரும் உட்டுட்டோம். இப்போ ரெண்டு பேரும் ஊட்டி ஊட்டியே கொன்னுட்டோமே! ஐயோ, ஏசப்பா!" மண்ணில் விழுந்து அழுதாள். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். எபினேசர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் அழுகை வந்தது. ஒருவரையொருவர் தொடாமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பிள்ளைக்காக இருவரும் அழுதார்கள். அதுவரைக்கும் அவர்கள் அப்படிச் சேர்ந்து அழுததே கிடையாது.

முதலில் எழுந்தவன் எபினேசர். "தண்ணி ஊத்தணுமாம். குடம் குடமா ஊத்தணுமாம்."

தெருமுனை அடிபம்பு. அவன் அடித்தான், அவள் சுமந்தாள். கை ஓய்ந்தபோது அவள் அடித்தாள், அவன் சுமந்தான். புடவை முட்டி வரை சேறு. காலனிக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பம்புக்கு வந்த பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் தன் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடித்துக் கொடுத்தான், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பொழுது சாயும்போது செடிகளைச் சுற்றிக் குளம்போலத் தண்ணீர் நின்றது.

பிழைத்ததா என்றால், எல்லாம் பிழைக்கவில்லை. அந்த வாரமே ஏழு செடி காய்ந்தது. வேரோடு பிடுங்கினால் வேர் கறுத்திருந்தது. ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் கிறிஸ்டினா உள்ளே போய்விடுவாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று. கடைசியில் சுவரோரத்தில் ஒன்றே ஒன்று நின்றது. இலையெல்லாம் கொட்டி, மொட்டைத் தண்டாக, கணுவில் நெல்லளவுக்கு ஒரு பச்சைத் துளிர். காய்க்குமோ காய்க்காதோ, தெரியாது. கல்லறைக்குக் கொண்டுபோக ஒரு காயும் இல்லை.

அவன் ஷிப்டும் மாறவில்லை, அவள் ஷிப்டும் மாறவில்லை. கேட்ட உடனே மாற்றிக் கொடுக்கிற கம்பெனியா அது?

துளிர் விட்ட மறுநாள். மணி ஐந்து இருக்கும். எபினேசர் நல்ல தூக்கத்தில் இருந்தான். யாரோ தோளைத் தொட்டு அசைத்தார்கள். கண் திறந்தால், கிறிஸ்டினா வேலைக்குப் புறப்பட்டு, சாப்பாட்டுப் பையோடு குனிந்து நின்றாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்தாள்.

"பெர்சி நைனா."

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"செடிக்கு நான் தண்ணி ஊத்திட்டேன். நீ ஊத்தாத."

"சரி பெர்சிம்மா" என்றான்.

அவள் போய்விட்டாள். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. எபினேசர் பாயில் உட்கார்ந்தபடியே இருந்தான். நாலே வார்த்தை. அந்தப் புதன்கிழமை விடிகாலையிலும் அவள் இதே மாதிரி எழுப்பி, 'புள்ளய டாக்டராண்ட காட்டல, நீ காட்டு' என்று நாலே வார்த்தை சொல்லியிருக்கலாம். கஞ்சி கொடுத்த கையோடு அவனும் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். விடிந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தான். சுவரோரம் மண் ஈரமாக இருந்தது. கையிலிருந்த சொம்புத் தண்ணீரைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்த் தவலையில் ஊற்றினான்.